பழைய ஏ.ரி.வி.க்கு பிரேக் ரீகோல் வந்திருந்தால்: நம்பர் பார்ப்பது முதல் பார்ட் மாற்றுவது வரை

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: பாசிக்குடாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட இரண்டு பழைய ஏ.ரி.வி. (மணலிலும் கரடுமுரடான தரையிலும் ஓடும் நான்கு சில்லு பைக்) வாங்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஜப்பான் கம்பெனியுடையது, மற்றது சீனத் தயாரிப்பு, 110 சிசி. ஜப்பான் பைக்கின் மொடலுக்கு அமெரிக்காவில் பிரேக் ரீகோல் வந்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். "பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, பேட் மட்டும் புதிதாகப் போட்டால் போதாதா? அந்த ரீகோல் நமக்குச் செல்லுமா? விற்றவர் மீது முறையிட வழி உண்டா?"

போதாது, தம்பி. பேட் தேய்வது ஓடுவதால் வருவது. ரீகோல் என்பது பைக் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றே அதற்குள் இருந்த பிழைக்காகக் கம்பெனி விடுகிற அறிவித்தல். மாஸ்டர் சிலிண்டருக்குள் (லீவரை இழுக்கும்போது பிரேக் ஒயிலை அழுத்தும் பகுதி) பிழை இருந்தால் நீங்கள் எத்தனை சோடி பேட் மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். இன்று பிரேக் பிடிக்கிறது என்பதும் அத்தாட்சி இல்லை. இப்படியான பிழைகள் பல நூறு தடவை ஒழுங்காகப் பிடித்துவிட்டு ஒரு தடவை கைவிடுகிறவை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அந்த ஜப்பான் பைக்கை வாடகை வரிசையிலிருந்து எடுத்து, சாவியை வீட்டில் வைப்பது. அதற்குப் பிறகு நம்பரைப் பாருங்கள்.

மொடல் பெயரை வைத்து ரீகோல் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. ஒரே மொடலில், ஒரே வருடத்தில் செய்தவற்றிலும் குறிப்பிட்ட நாட்களில் பூட்டப்பட்டவைக்குத்தான் பிழையான பார்ட் போயிருக்கும். அதைப் பிரித்துக் காட்டுவது செஸி நம்பர் மட்டுமே. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஏ.ரி.வி.யில் அது 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். பெரும்பாலும் முன்பக்கச் சட்டத்தின் இடப்புறக் குழாயில், இடது காலை வைக்கும் இடத்துக்கு முன்னால், அல்லது முன் பம்பருக்குக் கீழே உள்ள குறுக்குக் குழாயில் அடித்திருப்பார்கள். கடற்கரையில் ஓடிய பைக்கில் அந்த இடம் துருவும் மணலும் சேர்ந்து மூடிப்போயிருக்கும். கிரைண்டரோ கம்பித் தூரிகையோ போடாதீர்கள், எழுத்து போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். சின்ன வயதில் காசு மேலே தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி எழுத்து பதிந்து வரும். அந்தத் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள்.

வாசிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: 17 எழுத்து நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஓ மாதிரித் தெரிந்தால் அது பூச்சியம், ஐ மாதிரித் தெரிந்தால் அது ஒன்று. முதல் எழுத்து செய்த நாட்டைச் சொல்லும்: ஜே என்றால் ஜப்பான், எல் என்றால் சீனா, 1, 4, 5 என்றால் அமெரிக்கா. ஜப்பான் கம்பெனியின் பைக் ஜப்பானில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பத்தாவது எழுத்து மொடல் வருடம்: ஏ 2010, எஃப் 2015, ஜே 2018, எல் 2020. விற்றவர் சொன்ன வருடமும் இந்த எழுத்தும் பொருந்தாவிட்டால் இந்த எழுத்தைத்தான் நம்ப வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. எந்தக் கையில் வருடம் கூட்டிச் சொல்லப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் கார், லொறி, வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ரீகோலைப் பார்ப்பது நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். ஏ.ரி.வி. வீதி வாகனம் இல்லை என்பதால் அது நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழுவின் கீழ் வருகிறது, சுருக்கமாக சி.பி.எஸ்.சி. பலர் கார் ரீகோல் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். பார்த்தது தவறான இடம். சி.பி.எஸ்.சி. தளத்தின் ரீகோல் பகுதியில் கம்பெனி பெயரையும் ஏ.ரி.வி. என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் செஸி நம்பரைப் போடும் பெட்டி இருந்தால் அதிலும் பாருங்கள். பைக் கனடாவிலிருந்து வந்திருந்தால் கனடாவின் போக்குவரத்து அமைச்சின் ரீகோல் பட்டியல், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தால் அந்நாட்டுப் பொருட் பாதுகாப்புத் தளம். எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்பதை எச்சரிக்கை ஸ்டிக்கர்களே காட்டிக்கொடுக்கும். மட்காட்டிலும் டாங்கியிலும் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஆங்கிலமும் பிரெஞ்சுமாக இருந்தால் அது கனடாவுக்குப் போன பைக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிவித்தலை எப்படி வாசிப்பது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் ஒரு வரியைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அதில் பொருளின் பெயர், பிழை என்ன, அதனால் வரும் ஆபத்து, எத்தனை பைக், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை விற்றவை, விபத்து ஏதும் பதிவானதா, பரிகாரம் என்ன என்று வரிசையாக இருக்கும். "விபத்து எதுவும் பதிவாகவில்லை" என்ற வரியைக் கண்டதும் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி ஆபத்தான பிழை இருப்பதாகத் தெரியவந்தால் கம்பெனி 24 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நடக்கும்வரை காத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இந்தக் கடமையில் தாமதித்ததற்காக 2018இல் ஏ.ரி.வி. செய்யும் பொலாரிஸ் கம்பெனி 2 கோடி 72 லட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டப் பணம் கட்டியது; அது பிரேக் விஷயம் அல்ல, தீப்பற்றும் பிழை. ஆனால் அறிவிக்கும் கடமை எவ்வளவு பாரமானது என்பது அதில் தெரியும். இன்னொன்று: ரீகோல் அறிவித்த பொருளைப் பரிகாரம் செய்யாமல் விற்பது அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அங்கே விற்க முடியாத பைக் கொள்கலனில் ஏறி வேறு நாட்டுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பழைய பைக் வாங்குகிற நாங்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பரிகாரம் பெரும்பாலும் "டீலரிடம் கொண்டுபோங்கள், இலவசமாகப் பார்ட் மாற்றித் தருவார்கள்" என்றுதான் இருக்கும். இங்கே அந்த டீலர் இல்லை. அதனால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். நீண்ட கதை வேண்டாம். செஸி நம்பர், அதன் போட்டோ, பைக் இப்போது இலங்கையில் இருக்கிறது என்ற விபரம், பிறகு ஐந்து கேள்வி: இந்த நம்பருக்கு முடிக்கப்படாத ரீகோல் இருக்கிறதா, முன்னர் எங்காவது செய்து முடித்ததாகப் பதிவு இருக்கிறதா, பழைய பார்ட் இலக்கம் என்ன, மாற்றுப் பார்ட் இலக்கம் என்ன, மாற்றிய பார்ட்டில் அடையாளக் குறி ஏதும் உண்டா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சில ரீகோல் வேலைகளில் செய்து முடித்த பார்ட்டில் பெயின்ட் புள்ளி ஒன்றோ, அடித்த எழுத்து ஒன்றோ வைப்பார்கள். உங்கள் பைக்கில் அது இருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. கொழும்பில் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட முகவர் இருந்தால் அவருக்கும் அதே மின்னஞ்சலின் பிரதியை அனுப்புங்கள். கம்பெனி பார்ட்டை இலவசமாகத் தந்தாலும் கூலியும் அனுப்பும் செலவும் உங்களுடையதாகலாம். பார்ட்டையே தர மறுத்தாலும் இலக்கம் கையில் கிடைத்துவிட்டால் காசு கொடுத்தாவது சரியான சாமானை எடுப்பிக்க முடியும்.

இனி, எது பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்று பார்ப்போம். இது விளங்கினால்தான் "அட்ஜஸ்ட் பண்ணிவிட்டேன்" என்று மெக்கானிக் சொல்வதை எங்கே ஏற்க வேண்டும், எங்கே ஏற்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும்.

பெரும்பாலான ஏ.ரி.வி.யில் வலது கை லீவர் முன் இரண்டு சில்லையும், வலது காலால் மிதிக்கும் பெடலும் இடது கை லீவரும் பின்பக்கத்தையும் பிடிக்கும். இடது லீவரில் பூட்டு ஒன்று இருக்கும், அது பார்க்கிங் பிரேக். முன்பக்கம் ஒயில் பிரேக். நீங்கள் லீவரை இழுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்கிறது. அதன் தலையில் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் சீல். லீவரை விட்டிருக்கும்போது அந்தச் சீலுக்கு முன்னால், ஒயில் டப்பாவின் அடியில், ஊசி முனை அளவு ஒரு துவாரம் திறந்திருக்கும். லீவரை இழுத்ததும் சீல் அந்தத் துவாரத்தைத் தாண்டிப் போகிறது. வழி அடைபட்டு, முன்னால் உள்ள ஒயிலில் அழுத்தம் ஏறி, சில்லின் பக்கம் பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரின் பிஸ்டன் பேட்டை டிஸ்கில் அமர்த்துகிறது. விட்டதும் சீல் பின்னுக்கு வந்து துவாரம் திறந்து, அழுத்தம் இறங்கிவிடும்.

இதில் இரண்டு திசையில் பிழை வரலாம். சீல் வெட்டுப்பட்டிருந்தால், அல்லது சிலிண்டரின் உட்சுவர் சரியாகக் கடையப்படாமல் சொரசொரப்பாக இருந்தால், அழுத்தம் சீலைச் சுற்றிப் பின்னுக்குக் கசியும். வெளியே ஒரு சொட்டு ஒயில் கூடச் சிந்தாது, லீவர் மட்டும் மெல்ல மெல்லக் கைப்பிடியோடு வந்து சேரும். மற்றத் திசை இன்னும் மோசம்: சீல் முழுதாகப் பின்னுக்கு வராமல் அந்தத் துவாரத்தை மூடியபடியே நின்றால் அழுத்தம் இறங்காது. பேட் டிஸ்கோடு உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும், சூடு ஒயிலுக்கு ஏறும், ஒயில் விரிந்து பேட்டை இன்னும் இறுக்கும், கடைசியில் ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக் கூடியது. அந்த நிமிடத்தில் லீவரை இழுத்தால் காற்றை அமுக்குவது போல உள்ளே போகும், பைக் நிற்காது. "லீவர் கல்லு மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும்" என்று லீவர் முனையின் ஸ்க்ரூவைத் திருகித் தளர்வே இல்லாமல் செய்கிறவர்கள் தாங்களே கையால் இந்தப் பிழையை உண்டாக்குகிறார்கள். முன் லீவரில் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறு ஆட்டம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ரீகோலாக வரும் மற்றப் பிழைகள்: ஹோஸை ஓட்டிய பாதை தவறி, ஸ்டீரிங் முழுதாகத் திரும்பும்போது டயரிலோ சைலன்சரிலோ உரசுவது, கலிப்பரைப் பிடிக்கும் போல்ட் சரியான இறுக்கத்தில் இல்லாமல் கழன்று வருவது, ஹோஸ் முனையில் ஒயில் கசிவது, பேட்டின் உராயும் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து பிரிவது, பார்க்கிங் பிரேக் பல் பிடிக்காமல் நழுவுவது. கடைசியில் சொன்னதைத் தவிர மற்றவை, தேடிப் பார்க்காவிட்டால், ஓடும்போதுதான் தெரியவரும்.

பேட் பிரிவதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கழற்றிய பேட்டைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இரும்புத் தகடும் அதன் மேல் கறுப்புப் பொருளும் சேரும் கோடு தெரியும். அந்தக் கோட்டில் செம்மண் நிறத்தில் பொடி எட்டிப் பார்த்தால், அல்லது நகத்தின் நுனி உள்ளே நுழைந்தால், அந்தப் பேட்டில் 4 மி.மீ. தடிப்பு மிச்சம் இருந்தாலும் எறியுங்கள். உப்பு உள்ளே போய்த் துரு தடித்து, பொருளைக் கீழிருந்து நெம்புகிறது. பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் ஓடும் பைக்குகளில் பேட் தேய்ந்து முடிவதற்கு முன்பே இப்படித்தான் கெட்டுப்போகிறது. வெளிநாட்டுக் கையேட்டில் "1 மி.மீ. மிஞ்சும்வரை ஓட்டலாம்" என்று போட்டிருப்பது கடல் உப்பை நினைத்து எழுதியது இல்லை.

கையால் செய்யக்கூடிய சோதனைகளுக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. இன்ஜினை நிறுத்தி, வலது லீவரைப் பலமாக இழுத்து 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள். விரல்கள் மெல்லக் கைப்பிடியை நோக்கி நகர்ந்தால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. முதல் இழுப்பில் பஞ்சு மாதிரி இருந்து, நாலைந்து தடவை அடித்த பிறகு இறுகினால் உள்ளே எயார். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதற்கு எயார் எடுப்பது மருந்தல்ல. அடுத்து, லீவர் வந்து சேரும் இடத்திலுள்ள ரப்பர் உறையை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் பின் சீல் போய்விட்டது. பிறகு முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, லீவரை இழுத்து விட்டுவிட்டுச் சில்லைக் கையால் சுற்றுங்கள். மெல்லிய உரசல் சத்தத்தோடு இரண்டு மூன்று சுற்று ஓட வேண்டும். ஒரு பக்கம் ஓடி மற்றப் பக்கம் நின்றுவிட்டால் அந்தக் கலிப்பர் பிஸ்டன் அல்லது அது நகரும் ஊசிகள் இறுகிவிட்டன. ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பி, ஹோஸ் எங்கே இழுபடுகிறது, எங்கே தொடுகிறது என்று பாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிச் சஸ்பென்ஷனை அமர்த்தியும் இதையே செய்யுங்கள். பின் பிரேக் கம்பியால் இழுக்கும் டிரம் வகையாக இருந்தால் லீவர் முனையில் 15 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருப்பது வழக்கம்.

பார்க்கிங் பிரேக்கைச் சோதிக்கச் சரிவு வேண்டும். கரையோரம் முழுக்கச் சமதரை, ஆகவே உள்ளே ஏதாவதொரு குளக்கட்டில் ஏறும் பாதைக்குக் கொண்டுபோங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, பூட்டைப் போட்டு, இறங்கிப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேல் நோக்கியும் கீழ் நோக்கியும் இரண்டு தடவை. டிரம் பிரேக் ஒரு திசையில் நன்றாகவும் மறு திசையில் குறைவாகவும் பிடிக்கும் இயல்புடையது.

ரீகோல் பார்ட் கைக்கு வந்தால் மாற்றுகிற முறை. பார்ட் இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு இலக்கம் மாறினால் அதுவே பழைய பிழையான பார்ட்டாக இருக்கலாம். இங்கே கடைகளில் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று தரும் சீல் செட்டைப் போட்டு ரீகோல் வேலையை முடித்ததாக நினைக்க வேண்டாம். சிலிண்டரின் சுவர் பிழையாக இருந்தால் புதுச் சீலையும் அது கிழிக்கும். ஹோஸைக் கழற்றினால் அதன் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள செப்பு வோஷர் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். ஒரு தடவை நசுங்கிய வோஷர் மறுபடி அடைக்காது, இறுக்க இறுக்கப் போல்ட்தான் அறும். ஒயில் டப்பாவின் மூடியில் பிரேக் ஒயிலின் வகை டொட் 4 என்று போட்டிருந்தால் டொட் 4 தான். டொட் 5 என்பது சிலிக்கோன். இலக்கம் கூடியதால் சிறந்தது என்று நினைத்து அதைக் கலந்தால் எல்லாம் கெடும். இன்ஜின் ஒயில், பவர் ஸ்டீரிங் ஒயில், பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் பிரேக்கின் உட்பக்கத்தைத் தொடக் கூடாது. அந்த ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்து, மேலே சொன்ன சின்னத் துவாரத்தை மூடிவிடும்.

எயார் எடுக்க 8 மி.மீ. ஸ்பனர், கண்ணாடி மாதிரித் தெரியும் ரப்பர் குழாய் ஒரு முழம், அடியில் கொஞ்சம் ஒயில் விட்ட போத்தல், புதிதாக உடைத்த பிரேக் ஒயில் அரை லீற்றர். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குங்கள். குழாயின் ஒரு முனையைக் கலிப்பரில் எயார் எடுக்கும் சின்னத் திருகான நிப்பிளிலும், மறு முனையைப் போத்தலிலும் போடுங்கள். லீவரை இழுத்துப் பிடித்தபடி நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடி, அதற்குப் பிறகுதான் லீவரை விட வேண்டும். மூடுமுன் விட்டால் எடுத்த எயார் திரும்ப உள்ளே. டப்பாவில் ஒயில் கீழ்க் கோட்டுக்குப் போக விடாதீர்கள். நிப்பிளின் இறுக்கம் வெறும் 5, 6 நியூட்டன் மீற்றர்தான், ஸ்பனரின் தலைக்கு அருகில் பிடித்து இறுக்கினாலே போதும். உப்பில் இறுகிய நிப்பிளை நீண்ட ஸ்பனரால் நெம்பி முறித்தால் கலிப்பரே போய்விடும். முதல் நாள் துரு இளக்கும் ஒயில் விட்டு ஊறவையுங்கள். பெயின்ட்டில் பிரேக் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் வந்த ஒயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றுவது நாசம்.

சீன பைக்குக்கு வருகிறேன். இதற்கு ரீகோல் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பிழை இல்லை என்பதால் அல்ல, பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதால். அமெரிக்காவில் ஏ.ரி.வி. விற்பவர் ஏ.என்.எஸ்.ஐ./எஸ்.வி.ஐ.ஏ. 1 என்ற தரத்துக்கு இணங்க வேண்டும் என்பது 2008 சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. பிரேக், பார்க்கிங் பிரேக் இரண்டும் அதில் அடக்கம். இணங்குவதாகவும், செய்தவர் அல்லது இறக்கியவர் யார் என்றும் சொல்லும் ஸ்டிக்கர் பைக்கில் இருக்க வேண்டும். இணையத்தில் விற்கப்பட்ட சிறுவர் ஏ.ரி.வி. பலவற்றுக்கு இந்தத் தரம் இல்லை, உடனே பாவனையை நிறுத்துங்கள் என்று சி.பி.எஸ்.சி. நேரடியாக எச்சரித்திருக்கிறது. அப்படிக் கம்பெனி சேராத எச்சரிக்கைகளில் மாற்றுப் பார்ட் என்று ஒன்று வரவே வராது. அவுஸ்திரேலியாவிலும் 2019ஆம் ஆண்டு விதிப்படி, 2020 ஒக்டோபர் முதல் விற்கும் குவாட் பைக் (ஏ.ரி.வி.க்கு அங்கே சொல்லும் பெயர்) இந்த அமெரிக்கத் தரத்துக்கோ ஐரோப்பியத் தரத்துக்கோ ஒத்துப்போக வேண்டும். உங்கள் 110 சிசி பைக்கில் ஸ்டிக்கரும் இல்லை, 17 எழுத்து நம்பரும் இல்லை என்றால், வாடகைக்கு விட வேண்டாம் என்பதே என் முடிவு. பின் அச்சில் ஒரே ஒரு டிஸ்க், முன்பக்கம் கம்பியால் இழுக்கும் சின்ன டிரம் என்று இருக்கும் பைக்கில் அந்த ஒற்றை ஹோஸ் போனால் மிச்சம் இருப்பது பெயருக்கு ஒரு பிரேக். சிறுவர்களுக்குச் செய்த அளவில் பெரியவர் இருவர் ஏறிப் போவதையும் நினைத்துப் பாருங்கள்.

கணக்காகச் சொன்னால், மணிக்கு 30 கிலோமீற்றரில் பைக் ஒரு விநாடிக்கு 8 மீற்றருக்கு மேல் போகிறது. நல்ல பிரேக் இறுகிய தரையில் ஏறக்குறைய 6 மீற்றரில் நிறுத்தும், பாதிப் பலம் உள்ள பிரேக் 12 மீற்றர் கேட்கும். கல்குடாவில் கரைவலைக் கயிறு இழுக்கும் இடத்தில், தோணி ஏற்றியிருக்கும் கரையில், பிள்ளைகள் தண்ணீரிலிருந்து ஓடி வரும் இடத்தில் அந்த 6 மீற்றர் வித்தியாசத்துக்குள் ஒரு ஆள் நிற்கக் கூடும்.

எங்கள் கரையில் பருவம்தான் பிரேக்கின் பெரிய எதிரி. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஓட்டிவிட்டு, மாரியில் தகரக் கொட்டிலில் நாலு மாதம் போட்டுவைப்பது வழக்கம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. புதிய டொட் 4 இன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 பாகைக்கு இறங்கலாம் என்று தரமே சொல்கிறது. ஆகவே மாரி முடிந்து பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு வருடமும் ஒயில் முழுவதையும் மாற்றுங்கள். கொட்டிலில் விடும்போது பார்க்கிங் பிரேக்கைப் போட்டு விடாதீர்கள்; பேட் டிஸ்கில் ஒட்டித் துருப்பிடித்து, முதல் நாள் இழுக்கும்போது பொருள் பிய்ந்து வரும். சில்லுக்குக் கட்டை வைத்தால் போதும். கடலோரம் ஓடிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அது உப்பின் மேல் உப்பு ஊற்றுவது. டிஸ்க் ஆறிய பிறகு கழுவுங்கள், பிரஷர் வோஷரை ரப்பர் உறைகளுக்கு நேரே பிடிக்காதீர்கள். கலிப்பர் ஊசிகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ். சாதாரணச் செஸி கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். தண்ணீர் கடந்து வந்தால் மெதுவாக ஓட்டியபடி லீவரை இலேசாகப் பிடித்து பிரேக்கைக் காயவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். இதை வாடகைக்கு எடுப்பவருக்கு ஏறுமுன் சொல்லுங்கள்.

ஓட்டும்போதே முன் பிரேக் கைவிட்டால்: ஆக்ஸிலேட்டரை விடுவது, பின் பெடலை மிதிப்பது, லீவரை வேகமாக அடிப்பது, ஈர மணலை விட்டுக் காய்ந்த தளர்மணலுக்கு மெல்லத் திருப்புவது. சடாரென்று வெட்டித் திருப்பினால் பைக் ஆள் மேலே விழும். பெல்ட் கியர் உள்ள பைக்கில் இன்ஜினை நிறுத்துவதை நம்ப வேண்டாம், வேகம் குறைந்ததும் பெல்ட் விட்டு பைக் தன்பாட்டில் ஓடும்.

விற்றவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசர இலக்கம் 1977. ரசீது, விளம்பரத்தின் போட்டோ, செஸி நம்பர் பதிந்த தாள், ரீகோல் அறிவித்தலின் பிரதி நான்கையும் இணைத்துக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகாரசபை அலுவலகத்தில் கொடுத்து, கையொப்பம் வைத்த பிரதி ஒன்றை வாங்குங்கள். அயலவர் ஒருவரிடம் வாயால் பேசி வாங்கியதென்றால் இந்த வழி கடினம்.

வேலை முடிந்த பைக்கை முதலில் ஆளில்லாத இறுகிய தரையில், மணிக்கு 20 கிலோமீற்றரில், முன் பிரேக் தனியாக, பின் பிரேக் தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். புதுப் பேட் என்றால் 20, 30 தடவை மெதுவாகப் பிடித்துவிட்டால்தான் டிஸ்கோடு அமரும். அன்று மாலை போல்ட்டுகளையும் ஹோஸ் முனைகளையும் திரும்பப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கழற்றிய பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கம்பெனி திருப்பிக் கேட்கும்வரை நம்பர் எழுதிய பையில் வையுங்கள். கேட்காவிட்டால் பழைய இரும்புக்காரருக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள். வாளால் நடுவில் அறுத்து இரண்டாக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது கழுவித் துடைக்கப்பட்டு வேறொரு பைக்கில் ஏறும்.